அக்காவுக்கு மாத்திரை, அம்மாவுக்கு கிரீம்: ஈஸ்ட்ரோஜன் குறித்த ஒரு கேள்விக்குப் பதில்

தண்டையார்பேட்டையிலிருந்து வந்த கேள்வி இது. அக்காவுக்கு வயது 42. ஃபைப்ராய்டு கட்டிகளால் நிற்காத ரத்தப்போக்கு. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. ராத்திரியில் குப்பென்று சூடு ஏறி நைட்டி நனையும் அளவுக்கு வியர்வை, தூக்கம் இல்லை, தொட்டதற்கெல்லாம் அழுகை. மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் வகையைச் சேர்ந்த ஈஸ்ட்ராடியால் வேலரேட் 2 மி.கி. தினம் ஒன்று என்று எழுதியிருக்கிறார். மெடிக்கல் ஷாப்பில், "இது குழந்தைக்காக ட்ரீட்மென்ட் எடுக்கிறவங்க போடுறதாச்சே" என்கிறார்கள். எதிர்வீட்டில், "ஹார்மோன் மாத்திரை போட்டா மார்புல கேன்சர் வரும்" என்கிறார்கள். அக்கா ஏற்கெனவே தைராய்டுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை எடுக்கிறார். கூடவே இன்னொரு கேள்வி: 63 வயது அம்மாவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு, யூரின் இன்ஃபெக்‌ஷன். அவருக்கும் இதே மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

அக்கா போடலாம். கீழே சொல்லும் சில விஷயங்களைச் சரிபார்த்த பிறகு, போடாமல் இருப்பதுதான் அவருக்கு ஆபத்து என்றே சொல்லலாம். அம்மா அந்த அட்டையைத் தொடவே வேண்டாம். அவருக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் மருந்து. ஆனால் வாயில் போடும் மாத்திரையாக இல்லை.

ஒரே வீட்டில் இருவருக்கு இப்படி வெவ்வேறு பதில் வரக் காரணம், ஈஸ்ட்ரோஜன் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது என்பதுதான். யாருக்கு, எந்த வயதில், கர்ப்பப்பை இருக்கிறதா இல்லையா, எந்த வகை, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது: இந்த ஐந்தும் தெரியாமல் சொல்லும் எந்தக் கருத்தும், டாக்டர் சொன்னாலும் எதிர்வீடு சொன்னாலும், அரைகுறைதான்.

முதலில் மெடிக்கல் ஷாப்காரர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னது பொய் இல்லை. உறைய வைத்த கருவைக் கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஐ.வி.எஃப். சிகிச்சையில் இதே ஈஸ்ட்ராடியால் வேலரேட்டைத்தான் கொடுக்கிறார்கள். அங்கே அளவு பெரும்பாலும் 2 மி.கி. மாத்திரை ஒரு நாளைக்கு மூன்று, அதாவது 6 மி.கி. பத்துப் பன்னிரண்டு நாளில் கர்ப்பப்பையின் உட்சவ்வு 7 மில்லிமீட்டராவது தடித்திருக்கிறதா என்று ஸ்கேனில் பார்த்துவிட்டுப் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைச் சேர்ப்பார்கள். கடையில் இந்த மாத்திரையைக் கேட்டு வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் அதிகம் என்பதால் அவர் மனதில் அது பதிந்திருக்கிறது. அக்காவுக்கு எழுதியது அதில் மூன்றில் ஒரு பங்கு, நோக்கமும் வேறு. உடம்பு தானாகச் சுரந்துகொண்டிருந்ததைத் திரும்பக் கொடுப்பது. வேலரேட் என்பது மாத்திரையில் ஒட்டியிருக்கும் ஒரு பகுதி மட்டுமே. உள்ளே போனதும் கழன்றுவிடும். மிஞ்சுவது சினைப்பை சுரந்த அதே ஈஸ்ட்ராடியால். 2 மி.கி. வேலரேட்டில் சுமார் 1.5 மி.கி. ஈஸ்ட்ராடியால் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் ஒன்று மட்டும் நிஜமாகவே ஆபத்தானது. கருத்தடை மாத்திரையில் இருப்பது எத்தினைல் ஈஸ்ட்ராடியால். இது 1938-இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்யப்பட்டது. அரசு இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையில் ஒரு வெள்ளை மாத்திரைக்கு 0.03 மி.கி.தான் இருக்கிறது. அளவு சின்னதாகத் தெரிந்தாலும் கல்லீரல் இதை எளிதில் உடைக்க முடியாது. அங்கேயே நின்று ரத்தம் உறையவைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். ஆகவே, "அதுவும் ஈஸ்ட்ரோஜன்தானே, விலையும் கம்மி" என்று கடையில் மாற்றிக் கொடுத்தால் வாங்கக் கூடாது. திருநங்கைகள் சிலர் மருத்துவரிடம் போகத் தயங்கி, கருத்தடை மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்குவதும் இந்த இடத்தில்தான் விபரீதமாகிறது. மார்பு வளரும் என்று போடுவது காலில் ரத்தக்கட்டியாகி நுரையீரலுக்கு ஏறக்கூடும். அவர்களுக்கான முறையான சிகிச்சையில் ஈஸ்ட்ராடியால் 2 முதல் 6 மி.கி. வரை, ஆண் ஹார்மோனைக் குறைக்கும் மருந்தோடு, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்துத் தரப்படுகிறது. எத்தினைல் அதில் சேர்க்கப்படுவதில்லை.

இனி கேன்சர் பயம். இதற்கு இரண்டு வேர்கள்.

பழைய வேர் அமெரிக்காவில் 1960-களில் தொடங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாக, தாராளமாகக் கொடுத்தார்கள். 1975-இல் வந்த ஆய்வுகள், கர்ப்பப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் அவர்களுக்குப் பல மடங்கு கூடியிருப்பதைக் காட்டின. காரணம் எளிது. ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வை வளர்க்கும். புரோஜெஸ்டிரோன்தான் வளர்ச்சியை நிறுத்தி மாதாமாதம் உதிர வைக்கும். நிறுத்துகிற ஆள் இல்லாமல் வளர்த்துக்கொண்டே போனால் செல்கள் தடம் மாறும். அன்றிலிருந்து விதி இதுதான்: கர்ப்பப்பை இருக்கும் பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை கொடுத்தால் கூடவே புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் கொடுக்கவேண்டும். மைக்ரோனைஸ்டு புரோஜெஸ்டிரோன் என்றால் தினமும் இரவில் 100 மி.கி., அல்லது மாதத்தில் 12 நாள் மட்டும் 200 மி.கி. தூக்கம் வரவைக்கும் என்பதால் இரவு. அக்காவுக்குக் கர்ப்பப்பையே இல்லை. ஆகவே இந்தப் பயமும் இல்லை, அந்த இரண்டாவது மாத்திரையும் பொதுவாகத் தேவையில்லை. சீட்டில் ஒரே மருந்து இருப்பது மறதியால் அல்ல.

புதிய வேர் 2002 ஜூலையில் முளைத்தது. எதிர்வீட்டில் பேசும் மார்புப் புற்றுநோய் கதை இதிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய ஆய்வில், கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் பாதிப் பேருக்கு ஈஸ்ட்ரோஜனும் மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனும் சேர்த்துக் கொடுத்தார்கள், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. 5 ஆண்டுக்குப் பின் பாதியிலேயே நிறுத்தினார்கள். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தியானது. கணக்கைப் பார்த்தால், 10,000 பெண்களை ஓர் ஆண்டு கவனித்தால் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய். ஹார்மோன் எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். அது இல்லாத ஆபத்து என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது இரண்டு மருந்துகள் சேர்ந்த மாத்திரை.

அதே ஆய்வின் இன்னொரு பிரிவு 2004-இல் வெளிவந்தது. அதைப் பற்றி யாரும் திண்ணையில் பேசுவதில்லை. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பெண்கள், ஈஸ்ட்ரோஜன் மட்டும். அதில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை: இங்கேயும் 10,000 பேருக்கு ஓர் ஆண்டுக் கணக்கில், வெற்று மாத்திரையில் 33, ஈஸ்ட்ரோஜனில் 26. இடுப்பெலும்பு முறிவு 17-இலிருந்து 11-ஆகக் குறைந்தது. பக்கவாதம் மட்டும் 32-இலிருந்து 44-ஆகக் கூடியது. அந்த ஒன்றுக்காகத்தான் நிறுத்தினார்கள். இவர்களும் அறுபதைக் கடந்த சராசரி வயதினர். உங்கள் அக்காவின் நிலைமை இந்தப் பிரிவோடுதான் ஒத்துப்போகிறது, அதுவும் இருபது வயது இளையவராக.

இளமையில் சினைப்பையை இழந்தவர்களைத் தனியாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. 45 வயதுக்கு முன் இரண்டையும் எடுத்து, ஈஸ்ட்ரோஜன் எடுத்துக்கொள்ளாத பெண்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்ததை அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வு 2006-இல் காட்டியது. இதயமும் எலும்பும்தான் முக்கியமாக அடிபடுகின்றன. இயல்பாக மாதவிடாய் நிற்கும்போது ஹார்மோன் சில ஆண்டுகள் ஏறி இறங்கிக் குறையும். ஆபரேஷனில் ஓரிரு நாளில் தரைதட்டிவிடும். அதனால்தான் அக்காவுக்கு இவ்வளவு கடுமை. எலும்பின் அடர்த்தியும் ஈஸ்ட்ரோஜன் போன முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாகக் கரைகிறது. 42-இல் தொடங்கிய தேய்மானம் 60-இல் மணிக்கட்டிலும் முதுகெலும்பிலும் தெரியும்.

அந்தக் குப்பென்ற சூடு எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடலாம், ஏனென்றால் வீட்டில் அதற்கு வேறு வைத்தியம் நடந்துகொண்டிருக்கும். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பத்தைக் கட்டுப்படுத்துகிறது. அங்குள்ள சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்தது. அது போனதும் அவை கட்டுக்கடங்காமல் துடிக்கின்றன. உடம்பு கொஞ்சம் சூடானாலே பெரிய ஜுரம் போலப் பாவித்து ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. மோர், வெந்தயம், இளநீர் எல்லாம் குடிக்கட்டும், தப்பில்லை; கத்திரி வெயிலில் யாருக்கும் நல்லதுதான். ஆனால் இது "உடம்பு சூடு" இல்லை. "மாத்திரையும் சூடு, நிறுத்திடு" என்று யாராவது சொன்னால், சூட்டைக் குறைக்கிற மருந்தையே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

சரி, முதல் மாத்திரை போடுவதற்கு முன் பார்க்கவேண்டியவை. டிஸ்சார்ஜ் சம்மரியோடு பயாப்ஸி ரிப்போர்ட்டும் கையில் இருக்கிறதா? எடுத்த உறுப்புகளைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வர ஓரிரு வாரம் ஆகும்; தையல் பிரிக்கப் போன நாளோடு பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் நர்சிங் ஹோம் ஆனாலும் ஓ.பி. சீட்டைக் காட்டிக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று தகவல் வேண்டும். புற்றுநோய் செல் எதுவும் இல்லை என்பது ஒன்று. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உட்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது, இருந்ததா என்பது இரண்டு. இருந்திருந்தால் கர்ப்பப்பை போன பிறகும் வயிற்றுக்குள் அந்தத் திசு மிச்சமிருக்கலாம். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்தால் அது மறுபடி கிளம்பும் என்பதால் புரோஜெஸ்டிரோனும் சேர்ப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். மூன்றாவது, கர்ப்பப்பையின் வாயையும் சேர்த்து எடுத்தார்களா, வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்தார்களா என்பது. வாய் மிச்சமிருந்தால் அதோடு உட்சவ்வும் துளி ஒட்டியிருக்க வாய்ப்புண்டு; அவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதுமா என்று தனியாகத் தீர்மானிக்க வேண்டும். பின்னால் மாதாமாதம் லேசாகக் கசிவு வந்தால் அதுவே அடையாளம்.

மார்பகப் புற்றுநோய் வந்திருந்தவர், காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர், பக்கவாதம் அல்லது மாரடைப்பு வந்தவர், கல்லீரல் நோய் தீவிரமாக இருப்பவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் ஆகியோருக்கு இந்த மாத்திரை பொதுவாகக் கிடையாது. கண்முன் மின்னல் கோடு ஓடிய பின் ஒற்றைத் தலைவலி வருகிற வழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லவேண்டும். அம்மா, சித்தி, அக்கா தங்கை யாருக்காவது இளவயதில் மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் வந்திருந்தால் அதையும். பி.பி. இருந்தால் மருந்து மறுக்கப்படாது, பி.பி.யைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குவார்கள், அல்லது மாத்திரைக்குப் பதில் தோலில் தடவும் ஜெல் எழுதுவார்கள்.

மாத்திரையை எந்த நேரத்திலும் போடலாம், தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின். ஒரு வேளை மறந்து 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் போடலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததை வழக்கம்போலப் போடவேண்டும், இரண்டாகச் சேர்த்து வேண்டாம். வியர்வை ஒன்றிரண்டு வாரத்தில் குறையத் தொடங்கும். முழுப் பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே "கேட்கவில்லை" என்று நிறுத்துவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. முதல் சில வாரம் மார்பு கனத்து வலிக்கலாம், கெண்டைக்கால் பிடிக்கலாம், தலை வலிக்கலாம். பெரும்பாலும் தானே போய்விடும். உடம்பு பெருப்பதற்கு இந்த மாத்திரை காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாற்பதுகளில் மாத்திரை போடாதவர்களுக்கும் இடுப்பு பெருக்கிறது. அட்டை தீரும்வரை காத்திருக்காமல் இன்னொன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் தண்ணீர் தேங்கி நாலு நாள் கடை திறக்காவிட்டால், அந்த வியர்வை இரவுகள் அப்படியே திரும்பிவரும்.

தைராய்டு மாத்திரைதான் உங்கள் கேள்வியில் பலர் கவனிக்காமல் விடக்கூடிய இடம். வாய்வழி ஈஸ்ட்ரோஜன், கல்லீரலைத் தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தை அதிகம் செய்ய வைக்கிறது. அந்தப் புரதம் ஹார்மோனைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேலை செய்ய மிஞ்சுவது குறையும். ஆரோக்கியமான தைராய்டு சுரப்பி இருந்தால் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். மாத்திரையை நம்பியிருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் தொடங்கி 6 முதல் 12 வாரத்துக்குள் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கவேண்டும், 75 மைக்ரோகிராமைக் கொஞ்சம் கூட்ட வேண்டிவரலாம். "ஹார்மோன் போட்டும் சோர்வு போகலையே" என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இதுதான் இருக்கும். கூடவே, ஆபரேஷனுக்குப் பிறகு எழுதிய இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளைத் தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும், இல்லையென்றால் அது குடலில் ஒழுங்காக ஏறாது.

பரிசோதனைக்குப் போகும்போது ஒரு பொறி இருக்கிறது. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுபவர்கள் இப்போது நிறைய. அது பல லேப் இயந்திரங்களின் கணக்கைக் குழப்பும்: டி.எஸ்.எச். பொய்யாகக் குறைவாகவும், ஈஸ்ட்ராடியால் பொய்யாகக் கூடுதலாகவும் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து இரண்டு மருந்தையும் குறைத்தால் தப்புக்கு மேல் தப்பு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்துங்கள். மற்றபடி அக்காவுக்கு எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்று சினைப்பையின் வேலையைக் காட்டும் டெஸ்ட் பேக்கேஜ் எடுத்துக் காசைக் கரியாக்க வேண்டாம். இரண்டு சினைப்பையும் இல்லை என்பது தெரிந்த விஷயம். அதை உறுதிசெய்ய டெஸ்ட் எதற்கு? அளவு சரியா என்பதை வியர்வையும் தூக்கமும் சொல்லும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் குறையவில்லையென்றால்தான் ஈஸ்ட்ராடியால் அளவு பார்ப்பதில் அர்த்தம் உண்டு.

வேறு மருந்துகளில் காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினைக் கவனிக்கவேண்டும். வீட்டில் யாருக்காவது காசநோய் வந்து அக்காவும் அந்தச் சிகிச்சைக்குள் போக நேர்ந்தால், அது ஈஸ்ட்ரோஜனைக் கல்லீரலில் வேகவேகமாக உடைத்துத் தள்ளிவிடும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசிபின் இரண்டும் அப்படியே. மாத்திரை போட்டும் பலனில்லாமல் போகும். கருத்தடை மாத்திரை போடும் பெண்ணாக இருந்தால் கர்ப்பமே தரிக்கலாம்.

ஜெல் என்றேனே, அது பற்றி. மாத்திரை குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய்விட்டுத்தான் உடம்புக்கு வருகிறது. அதனால்தான் ரத்த உறைவு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் ஏறுகிறது. 42 வயதில் அடிப்படை ஆபத்தே மிகக் குறைவு என்பதால் இரண்டு மடங்கானாலும் சிறிய எண்தான். ஆனால் உடல் பருமன், பி.பி., டிரைகிளிசரைடு அதிகம், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தோல்வழி மருந்து மேல். வழக்கமான அளவில் அது ரத்த உறைவைக் கூட்டுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. தைராய்டுப் பிரச்சினையும் அதில் வராது. 0.06 சதவீத ஜெல்லில் ஒரு அழுத்துக்கு 0.75 மி.கி.; மருத்துவர் சொன்ன அழுத்துகளைத் தோளிலிருந்து முழங்கை வரையோ தொடையிலோ அகலமாகத் தடவவேண்டும். மார்பில் தடவக்கூடாது. சென்னையின் புழுக்கத்தில் காலையில் தடவிவிட்டு உடனே சமையலறைக்குப் போனால் பாதி வியர்வையோடு புடவையில் போய்விடும். இரவில் குளித்து, நன்றாகத் துடைத்து, பவுடர் எண்ணெய் எதுவும் இல்லாமல், மின்விசிறிக்கு அடியில் ஐந்து நிமிடம் காயவிடுவது சரி. அதன்பின் ஒரு மணி நேரம் தண்ணீர் படவேண்டாம். அந்த இடத்தில் குழந்தையின் கன்னமும் படவேண்டாம். அதில் ஆல்கஹால் இருப்பதால் அடுப்பு, விளக்குப் பக்கம் காயாதவரை போகக்கூடாது. ஒட்டும் பேட்ச்சும் உண்டு. எல்லாக் கடையிலும் இருக்காது, இந்த ஊர் வியர்வையில் உரிந்தும் வரும்.

எவ்வளவு நாள் என்றால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, அதாவது ஏறக்குறைய 50 வரை. அதுவரை இது இழந்ததை ஈடுகட்டுவது. அதன்பின் தொடர்வதா என்பது அப்போதைய உடல்நிலையைப் பார்த்து எடுக்கும் வேறு முடிவு. முதல் மூன்று மாதத்தில் ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பி.பி., எடை, மார்புப் பரிசோதனை. பெரிய ஆபரேஷன் எதுவும் திட்டமிட்டால் மாத்திரை போடுவதை முன்கூட்டியே சொல்லவேண்டும். நாலு வாரம் முன்பே நிறுத்தச் சொல்லலாம். எலும்புக்கு மாத்திரை மட்டும் போதாது. ஒரு நாளைக்கு 1,000 மி.கி. கால்சியம் வேண்டும், 100 கிராம் கேழ்வரகில் 340 மி.கி.க்கு மேல் இருக்கிறது, கூடவே பால், தயிர். காசிமேட்டில் நெத்திலி வாங்கினால் முள்ளை உருவாமல் குழம்பு வைக்கச் சொல்லுங்கள், கால்சியம் முள்ளில்தான்.

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால், பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு 108-ஐ அழைத்து ஸ்டான்லி அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அங்கே முதலிலேயே "ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போடுறாங்க" என்று சொல்வது முக்கியம்.

இனி அம்மா. 63 வயதில், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்கு மேல் ஆனவருக்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையைப் புதிதாகத் தொடங்குவதில்லை. 2002 ஆய்வில் சிக்கியவர்கள் சராசரியாக இந்த வயதினர்தான். அவருக்குக் கர்ப்பப்பையும் இருக்கிறது என்றால் பாதி மாத்திரைகூட உட்சவ்வை வளர்க்கும். ஆனால் அவருடைய தொல்லைக்குக் காரணம் ஈஸ்ட்ரோஜன் குறைவு என்பதில் பெரும்பாலும் சந்தேகமில்லை. பிறப்புறுப்பின் உட்தோலில் ஈஸ்ட்ரோஜன் இருக்கும்வரை நல்ல பாக்டீரியா வளர்ந்து அமிலத்தன்மையைக் காக்கிறது. அது போனதும் தோல் மெலிந்து வறண்டு, மலக்குடலிலிருந்து வரும் ஈ.கோலை கிருமி அங்கே குடியேறிச் சிறுநீர்ப்பைக்கு ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுத்தால் அந்த முறைக்குத் தீரும், அடுத்த மாதம் மறுபடி வரும்.

அதற்கு ஈஸ்ட்ரியால் கிரீம், 0.1 சதவீதம். கூட வரும் குழாயில் கோடு போட்ட அளவுவரை, 0.5 கிராம், படுக்கப்போகும்போது உள்ளே செலுத்தவேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு. முதல் சில நாள் எரியும். தோல் மெலிந்திருப்பதால்தான், ஒவ்வாமை இல்லை. பலர் இதை அரிப்புக் களிம்புபோல வெளியே தடவிவிட்டு "வேலை செய்யலை" என்கிறார்கள். இன்னும் பலர் இரண்டு வாரத்தில் சரியானதும் நிறுத்திவிடுகிறார்கள். வாரம் இரண்டு என்பது தொடர்ந்து போடுவதற்கான அளவு, நிறுத்தினால் வறட்சி திரும்பும். ரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்கிறது. புரோஜெஸ்டிரோன் சேர்க்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தில் மாத்திரைக்கு எழுதிய எச்சரிக்கைகளே அச்சடித்திருக்கும், அதைப் படித்துவிட்டு அம்மா மருந்தை மூலையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்தவராக இருந்தால் மட்டும் அந்த மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. கிரீமுக்கு முன், எந்தக் கிருமி என்று காட்டும் சிறுநீர் கல்ச்சரும் ரத்தச் சர்க்கரையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடிக்கடி யூரின் இன்ஃபெக்‌ஷனுக்குச் சர்க்கரையும் காரணமாக இருக்கலாம். கிரீம் போட்டாலும் போடாவிட்டாலும், இந்த வயதில் ஒரு சொட்டு ரத்தம் கசிந்தாலும் ஸ்கேன் எடுக்கவேண்டும். கர்ப்பப்பையின் உட்சவ்வு 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள், அதைத் தள்ளிப்போடக் கூடாது.